அப்பா மாஸ்கோவிலிருந்து வாங்கி வந்த அம்பர் மாலை: அசலா, பிளாஸ்டிக்கா?

பழுப்புநிலா
எல்லோருக்கும் வணக்கம். நான் நெய்வேலிக்காரி. அப்பா அங்கே அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த முதல் நிலையமே சோவியத் உதவியோடு கட்டியதுதான். அந்தத் தொடர்பில் 1979-ல் அவரைப் பயிற்சிக்கு மாஸ்கோ அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அம்மாவுக்கு ஒரு மணிமாலையும் ஒரு மோதிரமும் வாங்கி வந்தார். அம்மா இரண்டையும் போட்டு நான் பார்த்ததே இல்லை. "இது என்ன நிறம், மஞ்சள் காமாலை வந்த மாதிரி" என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டாராம்.

போன வாரம் பீரோவைக் காலி செய்தபோது இரண்டும் கிடைத்தன. மாலையில் 41 மணிகள். முட்டை மஞ்சள்கரு நிறம், சிலவற்றில் தேன் நிறம் ஓடுகிறது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. மோதிரம் செம்பு போலச் சிவந்த தங்கம், ஊதாக் கல், உள்பக்கம் 583 என்று ஒரு முத்திரை. நகைக்கடையில் காட்டினேன். "மாலை பிளாஸ்டிக், மோதிரம் செம்பு, கல் கண்ணாடி" என்று மூன்றே வினாடியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அப்பா இப்போது இல்லை. ஏமாந்துதான் வாங்கி வந்தாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சந்தேகசாமி
அம்பர் என்றால் திமிங்கல வாந்திதானே? தூத்துக்குடிப் பக்கம் அடிக்கடி பிடிக்கிறார்களே. ஜாக்கிரதை, வீட்டில் வைத்திருந்தாலே கேஸ்.

பட்டைதீட்டி
சாமி, அது வேறு. அது மீனம்பர், திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். இது மரப்பிசின், கல்லாகிப் போனது. இரண்டுமே கடற்கரையில் ஒதுங்கும் என்பதால் பழைய காலத்தில் ஒரே பெயரில் குழப்பிக்கொண்டார்கள். அரபியில் அன்பர் என்றால் முதலில் திமிங்கலச் சரக்குதான். ஐரோப்பியர்கள் அந்தச் சொல்லை எடுத்துப் போய் இதற்கும் ஒட்டிவிட்டார்கள்.

நிலா, மோதிரத்தை உள்பக்கம் தெரிகிற மாதிரி நெருங்கிப் படம் எடுத்துப் போடுங்கள். 583 பக்கத்தில் ஐந்துமுனை நட்சத்திரம், அதற்குள் அரிவாள் சுத்தியல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கடைக்காரருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

காயல்காரன்
அஸ்ஸலாமு அலைக்கும். நான் துபாயில் தஸ்பீஹ் என்ற ஜெபமணி வியாபாரத்தில் இருபது வருடம் இருந்தவன். எங்களுக்கு இது கஹ்ருபா. பாரசீக மொழியில் 'வைக்கோல் திருடி' என்று அர்த்தம். கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்கு பக்கத்தில் வைத்தால் வெடுக்கென்று இழுக்கும். இன்றைக்கு அரபியில் மின்சாரத்துக்கே கஹ்ரபா என்றுதான் பெயர். கிரேக்கர்கள் இதை எலெக்ட்ரான் என்றார்கள், 1600-ல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேயர் அந்தச் சொல்லிலிருந்து எலெக்ட்ரிக் என்ற சொல்லை உண்டாக்கினார். தங்கச்சி, உங்கள் அப்பா மின்நிலையத்திலிருந்து போய் இதை வாங்கி வந்திருக்கிறார் பாருங்கள்!

ஆனால் ஒன்று: இழுத்தால் அசல் என்று நம்பிவிடாதீர்கள். பல பிளாஸ்டிக்கும் இழுக்கும்.

பழுப்புநிலா
காயல் பாய், இதைக் கேட்டால் அப்பா குதித்திருப்பார். நன்றி.

பட்டைதீட்டி அண்ணா, மகனின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் இருக்கிறது. உள்ளே அரிவாள் சுத்தியலும் தெரிகிறது. பக்கத்தில் ஏதோ ஒரு எழுத்து.

பட்டைதீட்டி
அப்படியானால் அது சோவியத் அரசு முத்திரை. 1958 முதல் சோவியத் காலம் முடியும் வரை போட்டது. தங்கம் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

583 என்பது ஆயிரத்தில் 583 பங்கு தங்கம், நம் கணக்கில் 14 கேரட். இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜார் காலத்தில் அவர்கள் அளவு ஸொலோத்னிக். சுத்தத் தங்கம் 96. நகைக்கு வழக்கமான மாற்று 56. ஐம்பத்தாறைத் தொண்ணூற்றாறால் வகுத்தால் 0.583. புரட்சி வந்து மெட்ரிக் அளவுக்கு மாறியபோதும் கலவையை மாற்றவில்லை, எண்ணை மட்டும் மாற்றி எழுதினார்கள். வெள்ளியில் 84 என்று முத்திரை இருந்தால் அதுவும் இதே கணக்குதான், 875. பழைய ரஷ்யக் கரண்டியில் 84 என்று பார்த்துவிட்டு 84 சதவீத வெள்ளி என்று விலை பேசுகிறவர்கள் உண்டு. விற்கிறவருக்கு நஷ்டம்.

ஜார் காலக் கடைசியில் இருந்த முத்திரை, கோகோஷ்னிக் என்ற தலையணி அணிந்த பெண் முகம். 1899 முதல் இடப்பக்கம் பார்ப்பாள், 1908 முதல் வலப்பக்கம். சோவியத்தில் முதலில் சுத்தியலோடு ஒரு தொழிலாளி தலை, அப்புறம் உங்கள் நட்சத்திரம். 1994-க்குப் பின் மறுபடி அந்தப் பெண்ணே வந்துவிட்டாள், வலப்பக்கம் பார்த்தபடி, எண் 585. ஒரு நாட்டின் அரசியலை ஒரு மோதிரத்துக்குள் படித்துவிடலாம்.

அடகுக்கடைமகன்
சிவப்பாக இருப்பதற்குச் செம்பு அதிகம் என்பதுதான் காரணம். நம் ஊரில் 22 கேரட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கவரிங் மாதிரித் தெரியும். உரைகல்லில் தேய்த்தால் கோடு மங்கிச் சிவப்பாக விழும், உடனே 'மாற்று குறைவு' என்று தள்ளிவிடுவார்கள். அக்கா, உரசிப் பார்க்க வேண்டாம். ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கீறல் விழாது. விற்க மட்டும் போகாதீர்கள், தங்க எடைக்கு மேல் ஒரு பைசா தரமாட்டார்கள். நானே தரமாட்டேன் :)

பழுப்புநிலா
விற்கும் எண்ணமே இல்லை தம்பி. கல் என்ன கல் என்று யாராவது சொல்லுங்கள். ட்யூப்லைட்டில் நீலச் சாம்பலாகத் தெரிகிறது, குண்டு பல்பு வெளிச்சத்தில் கத்தரிப்பூ நிறம்.

பட்டைதீட்டி
இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்பாவிடம் அலெக்சாண்ட்ரைட் என்று சொல்லி விற்றிருப்பார்கள். ஆனால் அது அலெக்சாண்ட்ரைட் இல்லை. வருத்தப்படாதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

அசல் அலெக்சாண்ட்ரைட் 1830-களில் யூரல் மலையில், தொகோவாயா ஆற்றங்கரை மரகதச் சுரங்கங்களில் கிடைத்தது. பின்னால் ஜாரான இரண்டாம் அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். பகலில் பச்சை, விளக்கொளியில் சிவப்பு. ஜாரின் ராணுவ நிறமும் பச்சை சிவப்பு என்பதால் அரசவைக்குப் பிடித்துப்போனது. இலங்கையிலும் கிடைக்கிறது, ரத்தினபுரிப் பக்கத்து வியாபாரிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அது ஒரு கேரட் வாங்க நம்மால் முடியாது.

சோவியத் கடைகளில் இருந்தது வேறு: செயற்கைக் குருந்தம் (மாணிக்கம், நீலம் எல்லாம் சேர்ந்த கல்வகை), வனேடியம் என்ற உலோகம் சேர்த்தது. பச்சைக்கே வராது, நீலச் சாம்பலிலிருந்து ஊதாவுக்கு மாறும். லட்சக்கணக்கான ரஷ்யப் பாட்டிகளின் விரலில் இருப்பது இதுதான், ஒவ்வொரு பாட்டியும் பேத்தியிடம் 'இது அலெக்சாண்ட்ரைட்' என்றே சொல்லிக் கொடுக்கிறாள். கண்ணாடி இல்லை, கடைக்காரர் அங்கேயும் தப்பு. கடினத்தில் மாணிக்கம், நீலத்துக்குச் சமம். நான் திருச்சிக்காரன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு செயற்கைக் கல் சாணை பிடித்த காலம் உண்டு. இந்தக் குருந்தம் என் கையிலேயே எத்தனையோ போயிருக்கிறது, அதனால் எனக்கு இதன்மேல் மரியாதை.

பால்டிக்டாக்டர்
தாமதமாக வருகிறேன், டியூட்டி. நான் மருத்துவம் படித்தது கலினின்கிராட்டில். ஆறு வருடம் அம்பர் நடுவிலேயே வாழ்ந்தவள் என்பதால் மாலைக்கு நான் பேசுகிறேன்.

மாஸ்கோவில் வாங்கியிருந்தாலும் மணி வந்தது கலினின்கிராட்டிலிருந்துதான் இருக்கும். யந்தார் என்பது ரஷ்யப் பெயர். யந்தார்னி என்றே ஒரு கடலோர ஊர், இரண்டாம் உலகப்போர் முடியும்வரை அது ஜெர்மன்காரர்களின் பால்ம்னிக்கன். அங்கே திறந்தவெளிச் சுரங்கம். நிலா, நீங்கள் நெய்வேலி, உங்களுக்குச் சொன்னால் புரியும்: மேலே உள்ள மண்ணை எல்லாம் வாரித் தள்ளி, கீழே 'நீல மண்' என்ற பச்சை கலந்த சாம்பல் அடுக்கைத் தொட வேண்டும். அதற்குள்தான் அம்பர். தண்ணீர்ப் பீரங்கியால் மண்ணைக் கரைத்து, சல்லடையில் பிடிப்பார்கள். 1947-ல் தொடங்கிய அரசு ஆலை இன்றும் ஓடுகிறது.

அந்தப் பிசின் வடிந்து 4 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எந்த மரம் என்று இன்றும் சண்டை, பைன் என்பார்கள், குடைப்பைன் என்பார்கள்.

புயல் அடித்த மறுநாள் விடியற்காலை கடற்கரைக்குப் போனால் பார்க்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் ரப்பர் உடையோடு நின்று நீண்ட வலையால் கடல்பாசியை அள்ளுவார்கள். பாசியோடு சிக்கி அம்பர் வரும். இரவில் புறஊதா டார்ச்சோடு அலைகிறவர்களும் உண்டு. நானும் போயிருக்கிறேன். ஆறு வருடத்தில் கிடைத்தது மொத்தம் ஒரு கைப்பிடி, அதில் பாதி பட்டாணி அளவு.

ஒரு எச்சரிக்கை. பால்டிக் கரையில், முக்கியமாக ஜெர்மனியின் ஊஸெடோம் தீவுப் பக்கம், போரில் போட்ட தீக்குண்டுகளின் வெள்ளைப் பாஸ்பரஸும் கரை ஒதுங்கும். பார்க்க அப்படியே அம்பர். பையில் போட்டுக்கொண்டால் காய்ந்து உடம்புச் சூட்டில் பற்றிக்கொள்ளும். தொடையில் ஆழமாகத் தீப்புண் பட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே பொறுக்கினால் தகர டப்பாவில் போடச் சொல்வார்கள்.

சந்தேகசாமி
டாக்டரம்மா, குழந்தைக்குப் பல் முளைக்கும்போது இதைக் கழுத்தில் கட்டினால் வலி தெரியாதாமே? என் மச்சினி ஆன்லைனில் ஒன்று வாங்கிக் கட்டியிருக்கிறாள்.

பால்டிக்டாக்டர்
இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். அம்பரில் சக்ஸினிக் அமிலம் இருப்பது உண்மை, பால்டிக் அம்பரின் அடையாளமே அதுதான். அது தோல் வழியாக இறங்கி வலியைப் போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கழுத்து இறுகிய, மணி தொண்டையில் சிக்கிய சம்பவங்கள் இருக்கின்றன. தூங்கும்போது இறுகி ஒன்றரை வயதுக் குழந்தை இறந்த செய்தி வந்த பிறகு, 2018-ல் அமெரிக்க மருந்துத் துறை பெற்றோரை எச்சரித்தது.

காயல்காரன்
டாக்டரம்மா சொன்னது சரி. யுனானியில் கஹ்ருபாவைப் பொடித்து மருந்தில் சேர்ப்பார்கள், அது ஹகீம் பார்த்துக் கொடுப்பது. கழுத்தில் கட்டி வலி போகாது.

இப்போது தங்கச்சிக்கு வீட்டிலேயே பார்க்கும் சோதனை சொல்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் எட்டு ஸ்பூன் உப்பு போட்டு நன்றாகக் கலக்குங்கள். உப்பு கரையாமல் கொஞ்சம் அடியில் நின்றால் நல்லது. உலோகக் கொக்கியைக் கழற்றிவிட்டு மணியை விடுங்கள். மிதந்தால் பாதி ஜெயம். பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக் மணி மூழ்கிவிடும். எங்கள் சந்தையில் ஃபாத்துரான் என்று சிவப்பு மணி வரும், பழைய பினால் பிசின், அதுவும் மூழ்கும். ஆனால் அதற்கென்று தனிக் கிறுக்கர்கள் உண்டு, நல்ல பழைய ஃபாத்துரான் அம்பரைவிட விலை போகும்.

அடுத்தது கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கு. அதன் கீழே பிடித்தால் பால் கலந்த நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். பல பிளாஸ்டிக் செத்த மாதிரி கிடக்கும்.

ஊசியைச் சுட வைத்துக் குத்தச் சொல்வார்கள். குத்தாதீர்கள். வாசனை பார்க்கப் போய் மணியில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

பட்டைதீட்டி
பாய் சொன்னதோடு ஒன்று. கோப்பல் என்று இளம்பிசின் உண்டு, கொலம்பியா, மடகாஸ்கர் சரக்கு. அதுவும் மிதக்கும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும். கோப்பலைப் பிடிக்க நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு சொட்டு, துளைக்குப் பக்கத்தில். பிசுபிசுத்தால் கோப்பல். நம் வெள்ளைக் குங்கிலியத்தைத் தொட்டாலும் அப்படித்தான், அதை வெள்ளைக்காரன் 'இந்தியக் கோப்பல்' என்றே எழுதி வைத்தான்.

குங்கிலியம் என்றதும் ஞாபகம் வருகிறது: குஜராத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுக்கு முந்தைய அம்பர் கிடைத்து, அதில் இருந்த நூற்றுக்கணக்கான பூச்சிகளைப் பற்றி 2010-ல் ஆய்வு வந்தது. பிசின் வடித்த மரம் நம் குங்கிலிய மரக் குடும்பம். நகைக்கு ஆகாது, உதிரும்.

பூச்சி என்றதும் இன்னொன்று. ஆன்லைனில் தேள், பல்லி, பெரிய வண்டு நடுவில் நேராகப் படுத்திருக்கிற 'அம்பர்' ஐந்நூறு ரூபாய்க்கு வரும். தொடாதீர்கள். அசலில் இருப்பது கொசு, எறும்பு, சிலந்தி, அதுவும் கால் முறுக்கிக்கொண்டு, தப்பிக்கப் பார்த்த கோலத்தில். பால்டிக் சரக்கென்றால் நட்சத்திரம் போல ஓக் மரத்தின் நுண்மயிரும் தெரியும்.

பழங்கணக்கு
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்பர் என்றால் அந்த அம்பர் அறையைச் சொல்லாமல் இழை முடியக் கூடாது.

1701-ல் பிரஷ்ய மன்னருக்காகத் தொடங்கிய வேலை. சுவர் முழுக்க அம்பர்ப் பலகைகள். மகன் முதலாம் ஃபிரெடெரிக் வில்ஹெல்முக்கு நகை நட்டில் ஆசை இல்லை, ராணுவப் பைத்தியம். 1716-ல் ரஷ்யாவின் மகா பீட்டருக்கு அதைத் தூக்கிக் கொடுத்தார். பதிலுக்கு பீட்டர் அனுப்பியது உயரமான சிப்பாய்களை! பின்னர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் பொருத்தினார்கள், 6 டன்னுக்கு மேல் அம்பர். 1941-ல் ஜெர்மன் ராணுவம் பிரித்து மூட்டை கட்டிக் கோனிக்ஸ்பெர்க் கோட்டைக்குக் கொண்டுபோனது. 1945-க்குப் பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. தேடிக் களைத்தவர்கள் ஏராளம். மொத்த அறையில் ஒரு கல்மொசைக்கும் ஒரு அலமாரியும்தான் ஜெர்மனியில் தலைகாட்டின.

டாக்டரம்மா படித்த கலினின்கிராட்தான் அந்தக் கோனிக்ஸ்பெர்க்.

பால்டிக்டாக்டர்
ஆமாம், கோட்டையை இடித்தே விட்டார்கள். அந்த இடத்துப் பக்கத்தில்தான் நாங்கள் பஸ் ஏறுவோம். அறையை 1979-ல் மறுபடி செய்யத் தொடங்கி, 2003-ல் திறந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் கண் கூசுகிறது, தேன் குடத்துக்குள் விழுந்த ஈ மாதிரி இருந்தது. எனக்குக் கலினின்கிராட் அம்பர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 4 கிலோ 280 கிராம் ஒற்றைக் கட்டிதான் பிடித்தது. ஒரு வேலைப்பாடும் இல்லாமல் சும்மா கிடக்கிறது.

அடகுக்கடைமகன்
ரஷ்ய நகை என்றாலே ஃபபெர்ஜே முட்டை என்கிறார்களே, அது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா? :)

பழங்கணக்கு
சிரிக்கிறீர்கள், ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் கையில் ஒன்று சிக்கியது. கார்ல் ஃபபெர்ஜே என்ற நகைக்கலைஞர் 1885-ல் தொடங்கி ஜார் குடும்பத்துக்குச் செய்து கொடுத்த அலங்கார முட்டைகள் 50. புரட்சியில் சில தொலைந்தன. அமெரிக்காவில் பழைய உலோகம் வாங்குகிற ஒருவர், சுமார் 14,000 டாலருக்கு ஒரு தங்க முட்டையை உருக்கி விற்கத்தான் வாங்கினார். எடைக்கு மேல் கொடுத்துவிட்டதால் யாரும் எடுக்கவில்லை. சமையலறையில் கிடந்தது. உள்ளே இருந்த கடிகாரத்தின் பெயரை இணையத்தில் தேடியபோதுதான் காணாமல்போன மூன்றாவது முட்டை என்று தெரிந்தது. 2014-ல் செய்தி வெளிவந்தது, பல மில்லியன். கடைக்காரர்கள் எடையை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

மற்றபடி சந்தையில் 'கா. ஃபா.' முத்திரையோடு வருகிற சாமானில் பெரும்பாலானவை போலி. நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய நல்ல ரஷ்ய வேலை வேறு இருக்கிறது: ரஸ்தோவ் ஊரின் எனாமல் ஓவியப் பதக்கம், வெலிக்கி ஊஸ்தியுகின் கருப்பு ஓடிய வெள்ளி, தாகெஸ்தான் மலையில் குபாச்சி கிராமத்து வெள்ளி.

பழுப்புநிலா
இரண்டு நாள் கழித்து வருகிறேன். சோதனை முடிந்தது!

உப்புத் தண்ணீரில் நான்கு மணி விட்டேன், நான்கும் மிதந்தன. ரிமூவரில் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் நோட்டு விளக்கை வாங்கிப் பிடித்தேன், நீலமாக ஒளிர்ந்தது. அண்ணாச்சியே பயந்துவிட்டார். ஹால்மார்க் மையத்தில் மோதிரம் 58.3 காட்டியது.

படம் போட்டிருக்கிறேன். விளக்குக்கு எதிரே பிடித்தால் சில மணிகளில் மெல்லிய சிவப்புக் கோடுகள் நரம்பு மாதிரி ஓடுகின்றன. அது விரிசலா?

பட்டைதீட்டி
மோதிரத்துக்கு வாழ்த்து. நரம்பைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். காயல் பாய், நீங்களே சொல்லுங்கள்.

காயல்காரன்
தங்கச்சி, அது விரிசல் இல்லை. அழுத்திய அம்பர். சின்னத் துண்டு, சீவல், பொடியை எல்லாம் சேர்த்துச் சூடாக்கி அழுத்தி ஒரே கட்டியாக்குவது. ஒவ்வொரு துண்டின் வெளித்தோலும் காற்றுப் பட்டுச் சிவந்திருக்கும், அழுத்தும்போது அந்தத் தோல்தான் நரம்பாகத் தெரியும். நீங்கள் வைத்த சோதனை எல்லாவற்றிலும் தேறும், ஏனென்றால் அது அம்பரேதான். எங்கள் சந்தையில் இதை இயற்கையான ஒற்றைக் கட்டிக் கஹ்ருபா என்று ஏமாற்றுவதுதான் பெரிய தலைவலி. உப்புத் தண்ணீர் காட்டிக் கொடுக்காது, கண் பழகணும்.

பால்டிக்டாக்டர்
கலினின்கிராட் ஆலை சோவியத் காலத்தில் நிறையவே செய்தது, அப்போது யாரும் மறைக்கவும் இல்லை. இன்றைக்கு வாங்குகிறவர்கள்தான் கேட்க வேண்டும். போலந்தின் கிடான்ஸ்க் நகரில் இருக்கும் சர்வதேச அம்பர் சங்கம் இயற்கை, பதப்படுத்தியது, அழுத்தியது, ஒட்டியது என்று தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. கடையில் 'அசல் அம்பரா' என்று கேட்டால் நாலுக்கும் ஆமாம்தான் பதில். 'இயற்கையா, அழுத்தியதா, பில்லில் எழுதித் தருவீர்களா' என்று கேளுங்கள். உள்ளே மீன்செதில் மாதிரிப் பளபளக்கும் வட்டங்கள் சூடு பண்ணியதால் வருவது, பச்சை அம்பர் என்பது பெரும்பாலும் சூடும் பின்பக்கக் கறுப்புப் பூச்சும். அதெல்லாம் குற்றமில்லை, விலைதான் வேறு.

ரஷ்யாவுக்கே போய் வாங்குகிறவர்களுக்கு: 2022 மார்ச்சிலிருந்து நம் விசா, மாஸ்டர் கார்டு அங்கே ஓடாது, ரொக்கம்தான். அது சரிப்படாது என்றால் கிடான்ஸ்கின் மரியாட்ஸ்கா தெரு, லிதுவேனியாவின் பலாங்கா. சரக்கு அதே கடலுடையது.

சந்தேகசாமி
ஆக அப்பா ஏமாந்தாரா இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கப்பா.

அடகுக்கடைமகன்
அரசாங்கக் கடையில் அரசாங்க விலைக்கு வாங்கியதில் எங்கே ஏமாற்று, சாமி?

பழுப்புநிலா
அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அழுத்திய அம்பர் என்றதும், "அப்போ இது தூள் சேர்த்துப் பிடிச்ச கொழுக்கட்டையா?" என்றார். அப்புறம் கண்ணாடி முன்னால் போய் நின்று போட்டுப் பார்த்தார். நாற்பது வருடத்தில் நிறம் கொஞ்சம் இறங்கிவிட்டதாம், இப்போது காமாலை மாதிரி இல்லையாம். நூல்தான் இற்றுப்போயிருக்கிறது. எங்கே கோர்க்கக் கொடுப்பது?

பட்டைதீட்டி
நாளாக நாளாகக் காற்றுப் பட்டு அம்பர் சிவந்துகொண்டே வரும், அம்மா கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கோர்க்கும்போது மணிக்கு மணி நடுவில் முடிச்சு போடச் சொல்லுங்கள், மென்மையான சரக்கு, ஒன்றோடொன்று உரசினால் துளை விளிம்பு பொடியும். நூல் பட்டாக இருக்கட்டும், நைலான் அறுக்கும். சென்ட் அடித்துவிட்டுப் போடக் கூடாது. திருச்சி வந்தால் பெரிய கடைவீதியில் முத்துமாலை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே கூட்டிப் போகிறேன். ஞாயிறு மட்டும் வேண்டாம்.